அப்பா அனுப்பாமல் விட்டுப்போன நன்றிகள்

அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியில் இந்தியாவுக்கு ஒரு துணைத் தூதரகம் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நம்ம ஊருக்குள் நமக்கே எதற்குத் தூதரகம் என்று என் பேத்தியும் கேட்டாள். 1954 அக்டோபர் கடைசி வரை இது பிரெஞ்சு மண். பாரதியார் இங்கே தங்கியிருந்த காலத்திலேயே பிரிட்டிஷ் கொன்சல், அதாவது துணைத் தூதர், ஒருவர் இருந்தார். 1947-க்குப் பின் அந்த அலுவலகம் சுதந்திர இந்தியாவின் கைக்கு வந்தது. என் அப்பா அங்கே பெர்மிட் பிரிவில் எழுத்தர். கடலூர்க்காரர். அலுவலகம் மூடப்பட்டபோது அவருக்கு இருபத்தாறு வயது.

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி தம்பி வீட்டில் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அன்று எதிர்வீட்டுப் பெண்கள் மூவர், தங்கள் வீட்டுக் கூரை போன நிலையிலும், எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழைய புடவைகளுக்கு இடையே வைத்து உலர்த்திக் கொடுத்தார்கள். முதல் நன்றி அவர்களுக்கு. அவர்கள் இல்லையென்றால் இந்த மடலே இல்லை.

அந்தக் காகிதங்களுக்குள் ஒரு நோட்டு இருந்தது. அலுவலகத்தை ஒழித்துக் கொடுத்த கடைசி நாள்களின் கணக்கு அதில் இருக்கிறது. முத்திரைகள் எத்தனை, மேசை நாற்காலி எத்தனை, முடியாத மனுக்கள் எத்தனை, எது யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு விதமான ஒரு பட்டியல். தலைப்பு: ‘நன்றி சொல்லவேண்டியவர்கள்’. பதினோரு வரிகள். எதற்கும் பக்கத்தில் ‘முடிந்தது’ என்ற குறி இல்லை. மற்றப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் அந்தக் குறியைப் போட்டவர் அவர்.

எப்படி நேரம் இருந்திருக்கும்? புதுச்சேரியை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, இந்தியாவோடு இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. 21 அன்று டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 காலையில் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு அரசின் சார்பில் பியேர் லாந்தி ஒப்படைத்தார், இந்தியாவின் கொன்சல் ஜெனரலாக இருந்த கேவல் சிங் பெற்றுக்கொண்டார். அன்று முதல் அவர் தலைமை ஆணையர். வெளிநாட்டில்தானே துணைத் தூதரகம் இருக்க முடியும்? இது வெளிநாடு இல்லை என்று ஆனவுடன் அப்பாவின் அலுவலகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. வாக்கெடுப்பு முடிந்து இரண்டே வாரம். சந்தோஷத்தில் ஊரே தெருவில் நிற்க, அப்பா உள்ளே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெர்மிட் என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பகுதி ஒரே துண்டாக இல்லை. நகரத்திலிருந்து பாகூருக்குப் போக நடுவே இந்திய எல்லையைக் கடக்கவேண்டும். இன்றைக்கும் அந்தப் பேருந்தில் போனால் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் வெளியே வருவோம். 1949-ல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த சுங்க ஏற்பாடு முறிந்ததும் வழியெல்லாம் சாவடிகள் வந்தன. 1954-ல் கெடுபிடி இறுகியது. பெண் கொடுத்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே முள்வேலி. அந்தக் கோபமெல்லாம் அப்பாவின் மேசை முன்னால்தான் வந்து நிற்கும்.

பட்டியலின் முதல் வரி ‘எத்தா சிவில் முசே’. பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் பிரெஞ்சு அலுவலகத்துக்கு எத்தா சிவில் என்று பெயர். முசே என்பது இங்கே மரியாதைக்குரியவரை அழைக்கும் சொல். அவர் பிரெஞ்சு அரசின் ஊழியர், அதாவது அப்பாவுக்கு எதிர்ப்பக்கம். ஆனால் மனுவோடு வைக்கப் பிறப்புச் சான்று கேட்டுப்போன ஏழைகளை அவர் ஒருநாளும் அலைய வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கடைசி வாரத்தில், நாளைக்குத் தன் வேலை என்ன ஆகும் என்று தெரியாமலே, இருட்டும் வரை உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் குடும்பத்தைத் தேடித்தான் ஒரு வருடம் அலைந்தேன். கண்டுபிடித்தேன். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. அவருடைய மூத்த மகன் எழுதிக் கொடுத்தார், இளையவர் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. இளையவரின் மகள் என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, என் அப்பாவின் கையெழுத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அம்மா, உங்கள் தாத்தாவுக்கு என் அப்பாவின் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும்.

நோட்டில் பாதிக்குமேல் பிரெஞ்சுச் சொற்கள். அவற்றைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் எட்டு மாதம் புதன்கிழமைதோறும் தன் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தார். எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்தார். ஐயா, நீங்கள் எழுதிக் கொடுத்த சொற்பட்டியலைத் தட்டச்சு செய்துவிட்டேன். டில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எனக்காகப் பழைய கோப்புகளின் அட்டவணையைப் பார்த்த ஆராய்ச்சி மாணவிக்கும், லாஸ்பேட்டைப் பக்கம் ஆவணப் பிரிவில் முகம் சுளிக்காமல் கட்டுக் கட்டாக எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும் என் வணக்கம்.

ஆறாவது வரி ஒரு கடன். சாவடி அருகே கடை வைத்திருந்தவர், வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்திருக்கிறார். ‘ஆபீஸ் செலவில் சேர்க்கவில்லை. 3 ரூபாய் 8 அணா நான் தரவேண்டும்’ என்று அப்பா குறித்திருக்கிறார். அந்தக் கடைக்காரரின் பேரனைப் பார்த்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். மறுத்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அந்தப் புரிதலுக்கே தனியாக ஒரு நன்றி.

அலுவலகத்தின் இரண்டு டவாலிகள், ஒரு வாகன ஓட்டுநர், இருமுறை காய்ச்சலில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட சமையற்காரர், கீழூருக்குப் போக சைக்கிள் இரவல் தந்த ஒரு முன்னாள் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். இவர்களில் நால்வரின் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்தாவின் குடும்பம் பாரீஸ் பக்கம் இருக்கிறது. தொலைபேசியில் பேசினோம், இரண்டு பக்கமும் அழுகை.

எட்டு வரிகளுக்கு இப்போது நான் குறி போட்டிருக்கிறேன், அப்பா போட்ட அதே மாதிரி. இரண்டு வரிகளில் எழுத்து கரைந்துவிட்டது.

பதினோராவது வரி தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றே சொல்: ‘பாகூர் அம்மா. திண்ணை.’ மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க அப்பா பாகூர் போவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார் என்று தெரியவில்லை. 1954-ல் ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு கடலூர்க்காரருக்கு உங்கள் பாட்டி திண்ணையில் இடம் கொடுத்ததாக உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்த நன்றி உங்களுடையது. வந்து சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.