பன்றிக் குடலை நம்பும் மருந்து

ஆசிரியருக்கு,

சிக்கலான சர்க்கரை மூலக்கூறுகளை ஆய்வகத்தில் கட்டமைப்பது பற்றிய தங்கள் கட்டுரை படித்தேன். தடுப்பூசிகளை விரிவாகப் பேசிய கட்டுரை, ஏனோ ஹெப்பாரினைத் தொடவேயில்லை. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் அதுவும் சர்க்கரைச் சங்கிலிதான். அளவு குறைந்தால் வடிகட்டியின் வெள்ளை இழைகள் கறுத்து அடைபடுவதைச் செவிலியராகப் பார்த்திருக்கிறேன். அத்தகைய உயிர்காக்கும் மருந்து இன்றும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2008இல் சீன மூலப்பொருளில் நேர்ந்த கலப்படம் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்தது.

ஐந்து சர்க்கரைகளால் ஆன, முழுக்க வேதித்தொகுப்பில் உருவாகும் ஃபாண்டாபாரினக்ஸ் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து 2001இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் எங்கள் நோயாளிகளுக்கு ஒத்துவராது. டயாலிசிஸுக்கு ஏற்ற, வேதித்தொகுப்பில் உருவாகும் ஹெப்பாரின் பற்றிய ஆய்வுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை தனி நிதி ஒதுக்க வேண்டும்.

- டயாலிசிஸ் செவிலியர், மதுரை