செந்தூல் பையனும் கிச்சாப்பு போத்தலும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஒரு வாசகர், நம்ம பசங்க கித்தார தூக்கிக்கிட்டு கத்துறது தமிழுக்கே அவமானம்னு எழுதியிருந்தாரு. அவரு சொல்ற பையன் கோலாலம்பூர்ல எங்க செந்தூல் பிளாட்டுல ரெண்டாவது மாடி, நான் நாலாவது, அதனால அந்தக் கத்தல தெனமும் கேக்குறவ நான்தான், அவரு இல்ல. மொதல்ல நானும் சன்னல சாத்திக்கிட்டவதான், பொய் சொல்லக்கூடாது.

ஒருநாள் லிஃப்ட் ரோசாக், பழுதாகிக் கெடக்கு, சாமான் பையோட படியேறுறேன், அவன் வீட்டுக் கதவு தெறந்து கெடக்கு. கிச்சாப்பு போத்தலோட கழுத்த மட்டும் வெட்டி வழவழன்னு தேச்சு சுண்டுவெரல்ல மாட்டிக்கிட்டு கித்தார் கம்பி மேல மெல்ல இழுக்குறான். எனக்கு கால் ஓடல. எங்கம்மா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, சாவு வீட்டுல ஒப்பாரி வச்சாங்கன்னா ஒரு சுரத்துல நிக்க மாட்டாங்க, ரெண்டு சுரத்துக்கு நடுவுல வழுக்கிக்கிட்டே எறங்குவாங்க, அதே வழுக்கல்!

இது என்னடான்னேன். புளூஸ் ஆன்ட்டின்னான். மிசிசிப்பி பக்கம் பருத்திக் காட்டுல மாடா ஒழச்ச கறுப்பின மக்களோட பாட்டாம், ஒரு வரிய ரெண்டு தடவ பாடிட்டு மூணாவது வரியில பதில் சொல்லுவாங்களாம். அதுல ராபர்ட் ஜான்சன்னு ஒருத்தர் 1936லயும் 37லயும் 29 பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு 27 வயசுலயே போய்ட்டாரு, பாவம். சரி, டமடமன்னு அடிக்கிறியே, அது என்னன்னேன். அது பங்க்குங்கிற வேகமான ராக் பாட்டாம், மூணு கார்டு, அதாவது சேந்தாப்புல மீட்டுற சுரக்கூட்டு, தெரிஞ்சா போதும், ரெண்டு நிமிஷத்துல பாட்டு முடிஞ்சிரும். ரெண்டையும் கலந்தது இவன் மூளையும் இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல தி கன் கிளப்புங்கிற குழு 1981லயே ராபர்ட் ஜான்சன் பாட்ட எடுத்து பங்க் வேகத்துல அடிச்சிருக்கு.

இவன் போட்டது தமிழ். விடியங்காட்டி பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல பேர் கூப்புடுற எடத்துக்கு, ஓடுன பாட்டி, தோட்டத்த மொதலாளிங்க வித்து அங்க வீடு கட்டுனப்போ மூட்ட முடிச்சோட கோலாலம்பூருக்கு வந்த கத, இதத்தான் கத்துறான். மெதுவா பாடுற விஷயமா இது?

தீபாவளி நிகழ்ச்சியில ரெண்டாவது பாட்டுலயே இவன் மைக்க அணைச்சிட்டு கராவோக்கே போட்டாங்க. அன்னிக்கு சவுண்டு மோசம், ஒரு வார்த்தையும் வெளங்கல, ஒத்துக்குறேன். அதுக்காக அவமானம்னு எழுதுறதா? சினிமா பாட்டு எல்லாம் மட்டும் என்ன பண்ணோட தேவாரமா?

ஞாயிறு பக்கத்துல சென்னையில இருந்து வர்ற பாடகருக்கு முழுப் பக்கம் குடுக்குறீங்க, வேணாங்கல, இவனுக்கு கால் பக்கம் குடுங்க. நிருபர அனுப்புனா ராத்திரி எட்டு மணிக்கு மேல அனுப்புங்க, பகல்ல பையன் கிராப் வாடகை வண்டி ஓட்டுறான். படியேறித்தான் வரணும், லிஃப்ட் திரும்பவும் ரோசாக்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி