சந்தையில் யார் தமிழ் பேசுகிறார்கள்?

காத்ர் போர்ன், மொரீஷியஸ்,
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள மாலா,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலமென்று உன் தங்கை சொல்லிவிட்டாள், ஆகவே அந்தச் சடங்கை இத்துடன் முடித்துக்கொள்வோம். வாசுகி மாமிக்குக் கண் அறுவை நல்லபடியாக நடந்தது. இப்போது எல்லார் முகத்திலும் சுருக்கம் தெரிகிறதாம். முன்பே நன்றாக இருந்ததாம். பெரிய சார் அதே சட்டையில்தான் இருக்கிறார்.

நீ அனுப்பிய எழுத்து விளையாட்டுக்கு நான் பதிலே போடவில்லை என்று கோபமாக இருப்பாய். "எப்படி இருக்கிறது, சொல்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தாய். "அருமை" என்று எழுதி ஒரு பூங்கொத்துப் படம் ஒட்டியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். உனக்கு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உன் விளையாட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

காவடிக்காக ஒரு ஊடாடும் கதை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னேன் அல்லவா? காவடி முடிந்ததும் கோயிலில் ஏழு கறி பரிமாற வேண்டும். பாட்டி வள்ளியைக் கூப்பிட்டுச் சந்தைக்கு அனுப்புகிறாள். கடைக்காரியிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாகச் சொன்னால் சிவப்புப் பெருக்கல் குறி வராது, கீச்சென்ற சத்தமும் வராது. பலாக்காய்க்குப் பதில் பூசணிக்காய் கூடையில் விழும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பாட்டி கூடையைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும். இந்த யோசனையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

முதலில் ட்வைன் என்ற கிளைக்கதைக் கருவியில் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்தேன். ஐந்து இடங்களில் மூன்று மூன்றாகக் கிளை பிரித்தால் 243 முடிவுகள் வருகின்றன! தமிழ் எழுத்து 247, அதற்கு நான்குதான் குறைவு. பெரிய சாரிடம் காட்டியிருந்தால் மீதி நான்கையும் எழுதச் சொல்லியிருப்பார். பிறகு எல்லாக் கிளைகளையும் சந்தை வாசலில் ஒருமுறை, பாட்டி வீட்டில் ஒருமுறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பிள்ளைக்குத் தன் வழியில் போன உணர்வு இருக்கும், எனக்கும் தூக்கம் கிடைக்கும். அப்புறம் எச்5பி என்ற பாடக் கருவியின் கிளைக்கதை வடிவத்துக்கு மாற்றினேன். அது இலவசம், உலாவியிலேயே ஓடும், நீ ஃபிளாஷ் மென்பொருளில் செய்த கிளிக்கு நேர்ந்த கதி இதற்கு வராது. ஃபிளாஷை நிறுத்தப்போவதாக 2017-லேயே அடோபி அறிவித்தும், 2020 டிசம்பர் 31 வரை நீ அந்தக் கிளிக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தாயே, அதை நான் எங்கே மறப்பது?

வேலை முடிந்ததும் சக ஆசிரியர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். அருமை, மிக அருமை, வாழ்த்துகள், தமிழன்னைக்கு நீங்கள் சூட்டிய அணி. ஒருவர் வள்ளியின் பாவாடை பச்சையாக இருந்தால் மங்களகரமாக இருக்கும் என்றார். இன்னொருவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: இலையில் கறியை இழுத்து வைக்கும் பகுதியில், கைபேசியாக இருந்தால் விரலே சொல்லை மறைத்துவிடுகிறதாம். உண்மைதான். நான் பெரிய திரையில் சுட்டியை வைத்து வரைந்ததை, பிள்ளைகள் உள்ளங்கை அகலத் திரையில் கட்டைவிரலால் இழுக்கிறார்கள். இப்போது சொல்லைத் தொட்டு, பிறகு இடத்தைத் தொட்டால் போதும் என்று மாற்றியிருக்கிறேன். அவருக்கு ஒரு டப்பா வடை கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகுதான் தெருக்கோடி வீட்டுச் சிறுமி வந்தாள். ஐந்தாம் வகுப்பு, துடுக்கு. 2018-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு டேப்லெட் வந்த பிறகு படித்த பிள்ளை, தொடுதிரையைக் கண்டு மிரளும் வகை கிடையாது. அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை பெரிய தவம் என்று உனக்குத் தெரியும். அவள் எல்லாவற்றையும் சரியாகவே தொட்டாள். பலாக்காய் பலாக்காயாகவே வந்தது. நடுவில் நிறுத்திவிட்டு, இங்கே எல்லாரும் பேசும் கிரியோலில் கேட்டாள்: "மிஸ், இந்தச் சந்தை எங்கே இருக்கிறது?"

"இங்கேதான், காத்ர் போர்னில்."

"அங்கே யாரும் தமிழ் பேசுவதில்லையே?"

கேட்டுவிட்டு மீதியையும் சரியாக முடித்து, முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான விடை சொன்னாள், எதையும் நம்பவில்லை.

இதைச் சொன்னதற்குச் சக ஆசிரியை ஒருத்தி சிரித்தாள். "பாடநூலில் தபால்காரர் முதல் டாக்டர் வரை எல்லாரும் தமிழில்தானே பேசுகிறார்கள், அதற்கெல்லாம் யார் கேள்வி கேட்டார்கள்?" என்றாள். கேட்கவில்லைதான். பாடநூலில் பிள்ளை வெறும் பார்வையாளர். யாரோ யாருடனோ பேசிவிட்டுப் போகிறார்கள். என் கதையில் "நீ என்ன சொல்வாய்?" என்று அவளையே கேட்கிறேன். நிஜத்தில் அவள் கடைக்காரியிடம் கிரியோலில் கேட்பாள். அப்படியிருக்க மூன்று தமிழ் வாக்கியங்களை நீட்டி ஒன்றை எடு என்றால், அவள் பேச்சைத் தேர்ந்தெடுக்கவில்லை, என் மனத்தில் இருக்கும் விடையை மோப்பம் பிடிக்கிறாள். அதற்கு ஒரு வினாத்தாளே போதும். வள்ளியும் வேண்டாம், பாவாடையும் வேண்டாம்.

அன்றிரவு இது என்னை விடவில்லை மாலா. நீயும் நானும் தொலைபேசியில் என்ன பேசுகிறோம்? கிரியோல். சண்டை போட்டால் பிரெஞ்சு. கடிதம் என்று உட்கார்ந்தால்தான் தமிழ் வருகிறது. என் அம்மாவுக்குச் சாமியறை வரைதான் தமிழ். என் பிள்ளைகள் தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு ஒரு அட்சரம் பிசகாமல் பாடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். இந்த நிலைமையை ஒப்புக்கொள்ளாமல், எல்லாரும் தமிழ் பேசும் ஒரு சந்தையைத் திரையில் கட்டிப் பிள்ளைகளை அதற்குள் அனுப்புவது என்ன கல்வி? அந்தக் குட்டி என்னைப் பொய்க்காரி என்று சொல்லாமல் விட்டது அவளுடைய நாகரிகம்.

சரி, இந்த ஊரில் தமிழ் எங்கேதான் நிஜமாகத் தேவைப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கோயில் அறிவிப்புப் பலகை, கல்யாணப் பத்திரிகை. பிறகு நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டு! 1998-இல் நோட்டில் தமிழையும் இந்தியையும் இடம் மாற்றி அச்சடித்ததற்கு எழுந்த கொந்தளிப்பும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கிறதா? அந்த வரிசைக்காகக் கொதித்த உன் சித்தப்பாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அவர் கொதிப்பு நிஜம். இப்படி எழுதிக்கொண்டே வந்தபோதுதான் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் குருக்கள்மார் ஞாபகம் வந்தது. வந்து இறங்கும்போது அவர்களுக்குக் கிரியோல் ஒரு சொல்லும் தெரியாது. எலுமிச்சம்பழம் வாங்க வேண்டுமானாலும் யாராவது கூடப் போக வேண்டும்.

ஆகவே கதையை மாற்றிவிட்டேன். அதே சனிக்கிழமைச் சந்தை. கடைக்காரி கிரியோல் பேசுகிறாள், குருக்கள் தமிழ் பேசுகிறார், நடுவில் வள்ளி. அவர் கேட்பதை வள்ளி புரிந்துகொள்ளாவிட்டால் அபிஷேகத்துக்குத் தேன் வராது, தேங்காய் வரும். கடைக்காரி சொல்லும் விலையை அவள் தமிழில் திருப்பிச் சொல்லாவிட்டால், குருக்கள் கையில் நோட்டை விரித்துப் பிடித்தபடி நிற்பார். இங்கே தமிழ் இல்லாமல் வேலை நடக்காது, வள்ளி இல்லாமலும் நடக்காது. தெருக்கோடிக் குட்டிக்கு ட்வைனில் கரட்டு வடிவத்தை மட்டும் காட்டினேன். படம் கிடையாது, ஒலி கிடையாது, வெறும் எழுத்து. குருக்கள் இரண்டாம் முறை தப்பான பொருளை வாங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்க்கலாமா என்று கேட்டாள். அதற்கும் ஒரு கிளை போட்டிருக்கிறேன்.

இனி உன் விளையாட்டு. காபி எடுத்துக்கொண்டு வா, அழாதே.

"கொய்யா" என்ற சொல்லைக் கலைத்துப் போட்டுச் சேர்க்கச் சொல்கிறாய். உன் திரையில் ஆறு கட்டங்கள் வருகின்றன. பாதியில் வெறும் புள்ளிவட்டமும் அதன் மேல் ஒட்டிய குறிகளும். கொ, ய், யா என்று மூன்று எழுத்துதானே? கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள். உன் நிரல் எண்ணை வெட்டுகிறது, எழுத்தை வெட்டவில்லை. எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி உலாவியிலேயே இருக்கிறது, இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்று உன் பெரியவனிடம் சொல், அவனுக்குப் புரியும். க்ஷ வந்தால் மட்டும் அது இரண்டாகப் பிரித்துவிடும், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: "கொ"வின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. விடையை ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், சரியாக எழுதிய பிள்ளைக்கும் "தவறு" என்று வரும். எனக்கு வந்தது. தமிழாசிரியைக்குக் கொய்யா எழுதத் தெரியவில்லை என்று என் மகன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த முதல் பத்துப் பேர் பட்டியலை எடுத்துவிடு. பதினோராவது பிள்ளை எப்போதும் அதே பிள்ளைதான், உனக்கும் தெரியும். மற்றபடி கொய்யா மரத்தில் அணில் ஏறும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது; விடை வரும் வரை அது பொறுமையாகக் காத்திருப்பது உன் அப்பாவைப் போலவே இருக்கிறது.

என் புதிய வடிவத்தின் இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். எப்படி இருக்கிறது என்று சொல்லாதே. எந்த இடத்தில் மூடிவிடலாம் என்று தோன்றியது, எங்கே படிக்காமலே தொட்டாய், குருக்கள் எங்கே உபதேசம் செய்ய ஆரம்பிக்கிறார் (செய்கிறார், எனக்குத் தெரியும்), அதை மட்டும் எழுது. அங்கே ரீயூனியனில், சேன் ஆந்த்ரேயில் உன் மாணவர்கள் யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நீயும் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார். உங்கள் பக்கத்துக் கிரியோலில் கடைக்காரியின் பேச்சு எங்கே இடிக்கிறது என்றும் பார்த்துச் சொல். ஜனவரியில் பள்ளி திறந்ததும் தைப்பூசம் வந்துவிடும், அதற்குள் எனக்கு வேண்டும்.

கடைசியாக ஒரு பிச்சை. குருக்களுக்குக் குரல் தேவை. இங்கே கேட்டவர்கள் எல்லாரும் வானொலிச் செய்தி வாசிக்கிறார்கள். உன் வீட்டுக்காரரைக் கேள். ஜன்னலைச் சாத்தி, குளிர்சாதனப் பெட்டி உறுமாத அறையில் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்து அனுப்பச் சொல். சம்பளம் கிடையாது, காவடிக்கு வந்தால் ஏழு கறி உண்டு. அந்த எமன் சிரிப்பு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

உன்,
தேவி