ஆச்சியின் 1,200 ரூபாய்

அம்பாசமுத்திரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "பொது நிதி வெறும் மனப்பாடம்ப்பா, பொருளாதார அறிஞர் டால்டன் சொன்னது, வாக்னர் சொன்னதுன்னு ஒரே வரையறை. கைடு வாங்கிப் படிச்சு பாஸ் பண்ணிடுவேன்" என்று நேற்று போனில் சொன்னாய். பாஸ் பண்ணிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரசு எப்படி வரி வாங்குகிறது, எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் அந்தப் பாடம். முப்பத்தோரு வருடம் கருவூலத்தில் உட்கார்ந்து அதோடேயே காலம் தள்ளியவன் நான். நீ சொன்னதைக் கேட்டு ராத்திரி சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் வார்த்தை நழுவிவிடும், அதான் எழுதுகிறேன்.

கீழத்தெரு ஆச்சியை எடுத்துக்கொள். 74 வயது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குகிறாள். அதில் 200 ரூபாய்தான் ஒன்றிய அரசின் பங்கு, பல வருடமாக அதே 200. மீதி 1,000 மாநில அரசு போடுவது. ஆச்சி வாங்குகிறவள் மட்டும்தான், கட்டுகிறவள் இல்லை என்று தெருவில் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தப் பணத்தோடு அவள் முதலில் போவது அண்ணாச்சி கடைக்கு. சோப்பு, எண்ணெய், தேயிலை என்று எதை எடுத்தாலும் விலைக்குள்ளேயே வரி உட்கார்ந்திருக்கிறது. கோடீஸ்வரர் வீட்டுச் சோப்புக்கு எத்தனை சதவீதமோ, ஆச்சியின் சோப்புக்கும் அதே சதவீதம். அவர் வருமானத்தில் அது தூசு. இவளுக்கு அது ஒரு வேளைக் காப்பி.

உன் புத்தகத்தில் வரித்தாக்கம், வரி நிகழ்வு என்று அடுத்தடுத்து இரண்டு தலைப்பு இருக்கும். அரசாங்கத்திடம் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறவர் ஒருவர், கடைசியில் அது யார் தலையில் இறங்குகிறதோ அவர் இன்னொருவர். முதலாவது தாக்கம், இரண்டாவது நிகழ்வு. கடைசியில் யார் தலையில் என்ற இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பாடம் முழுக்க இருக்கிறது என்பது என் எண்ணம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது. வரி சேர்த்து 11 ரூபாய் 80 காசுக்கு விற்றது 10 ரூபாய் 50 காசுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா? எடையில் ஏதும் மாறியதா? குறைந்த வரி ஆச்சிக்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவிலேயே நின்றுவிட்டதா? உன் விடுதிப் பக்கத்துக் கடையில் விசாரித்துப் பார். வரி நிகழ்வுக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தக் கைடிலும் கிடைக்காது.

கணக்குத் தலைப்பு பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? அரசின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஓர் எண் உண்டு. முதல் இலக்கம் 0 என்றால் வருவாய் வரவு, 2 என்றால் வருவாய்ச் செலவு, 4 என்றால் மூலதனச் செலவு. 2202 பொதுக்கல்வி, வாத்தியார் சம்பளம் அதில் வரும். பள்ளிக்கூடக் கட்டடம் என்றால் 4202. கடன் வாங்கி 4-இல் போட்டால் கட்டடம் நிற்கும், கடன் வாங்கி 2-இல் போட்டால் அடுத்த வருடமும் கடன் வாங்க வேண்டும். வருவாய் வரவை மிஞ்சிய வருவாய்ச் செலவு வருவாய்ப் பற்றாக்குறை. கடன் வாங்காமல் வரும் வரவை மிஞ்சிய மொத்தச் செலவு நிதிப் பற்றாக்குறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த இலக்கங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள், மேஜை தெரியாத அளவுக்குப் பட்டியல்கள், அதாவது பணம் கேட்டு அலுவலகங்கள் அனுப்பும் பில்கள். ஒரு மாணவர் விடுதியிலிருந்து பாய், போர்வை வாங்குவதற்கான பட்டியல் வந்தது. தலைப்பில் ஓர் இலக்கம் தப்பு. விதிப்படி திருப்பி அனுப்பினேன். விடுதிக் காப்பாளர் திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று எடுக்காத ஒதுக்கீடு அன்றோடு காலாவதி. மறுபடி ஒதுக்கீடு வருவதற்குள் ஆடிக் காற்றும் போய் ஐப்பசி மழை வந்துவிட்டது. ஒரு போன் போட்டு அவரை மத்தியானமே வரச் சொல்லியிருக்கலாம். விதி என் பக்கம் இருந்தது, ஆனாலும் மழை பெய்கிற ராத்திரிகளில் இன்றும் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இப்போது டால்டனைப் படி. வரியாக வாங்கும் கடைசி ரூபாயில் ஒருவருக்கு உண்டாகும் வலியும், அதைச் செலவிடும்போது இன்னொருவருக்குக் கிடைக்கும் பலனும் சமமாகும் வரைக்கும் போகலாம் என்கிறார். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் ஆச்சியின் சோப்பு, மறுபக்கம் அந்தப் பாய்.

ஜிஎஸ்டிக்கு முன்னால் இருந்த விற்பனை வரி எப்படி வந்தது என்பதையும் கேட்டுக்கொள். 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். சாராய வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் போட்டார். கள்ளுக்கடை மூட வேண்டும் என்று பிறந்த வரி அது. இன்றைக்கு ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் மதுவின் மேல் போடும் வரிதான் நம் மாநிலத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. இந்த எண்பத்தைந்து வருடக் கதையை யாராவது உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ எழுதினால் இன்னும் சந்தோஷம்.

ஒன்றிய அரசு வாங்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு பற்றி நிறையச் சொல்லலாம், தாள் போதாது. அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவை மட்டும் நேராகப் படித்துவிடு. 15-ஆவது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரைக்கும் பங்கிடக்கூடிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்றது. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் வந்தது. மாநிலங்களுக்குள் பிரிக்கும்போது, பணக்கார மாநிலத்தை விட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற வருமான இடைவெளிக்கு நூற்றில் 45 மதிப்பு, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 கொடுத்தது. வரிக்கு மேல் ஒன்றிய அரசு கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் இந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது நியாயம்தான், நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் எதுவரைக்கும் என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. நீ எந்தப் பக்கம் நின்றாலும் கணக்கைப் பார்த்துவிட்டு நில்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முன்னால் மாநில நிதிநிலை அறிக்கையில் ஒரே ஒரு துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்தத் துறைச் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணத்தை, முழுசாகப் படி. போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், நிஜத்தில் எவ்வளவு செலவானது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். புரியாத இடத்தில் பென்சில் கோடு போட்டு வை, பொங்கலுக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

அம்மா உளுந்தங்களி மாவும் அதிரசமும் அனுப்புகிறாள். மாவை ஈரமில்லாத டப்பாவில் போட்டு வை. சோப்பு விலையை விசாரித்தால் எடையையும் சேர்த்து எழுது. இங்கே அண்ணாச்சி கடையில் வரி குறைவதற்கு முந்தைய உறை ஒன்று கிடைத்தது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா