உங்கள் பேரேட்டைத் திறந்து பாருங்கள்: வாகனப் பதிவு அதிகாரிகளுக்கு வன்னியில் இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய வாகனங்களின் பதிவுப் புத்தகம் தொலைந்த விடயமாக வன்னியில் இருந்து உங்களுக்குக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. புத்தகத்தின் பிரதியும் பெயர் மாற்றமும் கேட்டு நாங்கள் கொடுத்த கோப்பும் உங்களிடம் இருக்கிறது. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அண்மையில் ஒரு கவுண்டரில் ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்விதான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுத வைத்தது. அதற்கு முன், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் காரின் சேசிஸ் இலக்கத்தை (காரின் உடலுக்கென்று தொழிற்சாலை கொடுத்த இலக்கம்) உங்கள் பழைய பேரேட்டில் தேடுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்தில் தாருங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

கார் அறுபதுகளில் பதிவான மொறிஸ் மைனர் 1000. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடிய கார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, வடக்கில் மிஞ்சியிருந்த மற்றக் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை போகும். பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக் கடிக்கும் இந்தக் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வருவார்கள். நீங்கள் கூப்பிடவில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அப்படி ஓடிய எஞ்சின் நெடுநாள் தாங்காது. பழுதானால் வேறொரு காரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார்கள். எங்கள் காரிலும் அப்படித்தான் நடந்தது. இன்று "எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை" என்று ஒரு வரியில் பதில் சொல்கிறீர்கள். பொருந்தாதுதான். ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போவதற்கே பாஸ் தேவைப்பட்ட போர்க்காலத்தில், எஞ்சின் மாற்றியதை எந்த அலுவலகத்தில் போய்ப் பதிந்திருக்க முடியும்? ஆனால் பொனற்றுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் சேசிஸ் இலக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. தகட்டைப் பிடிக்கும் றிவெற் ஆணிகளும் பழையவையே. உங்கள் பரிசோதகர் ஒருவரை அனுப்புங்கள், அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று எழுதிக் கேட்டோம். இதுவரை எவரும் வரவில்லை.

புத்தகம் எப்படித் தொலைந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். 2008இன் கடைசியில் ஒட்டுசுட்டானை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது காருக்கு ரயர் இல்லை. அப்போதைய சொந்தக்காரரின் குடும்பத்தார் அதைக் கொட்டிலுக்குள் தள்ளி விட்டுவிட்டு, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கார்ப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பை புதுக்குடியிருப்புக்குப் போனது, மாத்தளனுக்குப் போனது, பிறகு இல்லை. போரின் அந்தக் கடைசி மாதங்களில் அந்தக் கடற்கரையில் இருந்த எவரிடமும் "பை எங்கே" என்று கேட்க எனக்கு வாய் வராது. உங்கள் படிவத்திலோ தொலைந்த இடம், திகதி, நேரம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மீள்குடியேறித் திரும்பியபோது கொட்டில் இல்லை. கார் பற்றைக்குள் இருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

காரின் பதிவுச் சொந்தக்காரர் 2009 மே மாதத்தில் வட்டுவாகலைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு காணாமல் போனவர். காரை எனக்கு விற்றவர் அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுபவர். விலையில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறேன். மிச்சம், புத்தகம் கையில் வந்த பிறகு என்று பேச்சு. அந்த மிச்சக் காசுக்காகவே அவர் என்னோடு பஸ் ஏறி வந்தார். அவரிடம் கிராம சேவகரின் கடிதம் இருந்தது. பிரதேச செயலாளர் அதில் ஒப்பமிட்டிருந்தார். சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, திருமணச் சான்றிதழ், கணவர் காணாமல் போனமைக்கான சான்றிதழ் எல்லாம் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அக்கா அந்தக் கடைசிச் சான்றிதழை மறுபடி காட்டினார். அது தங்கள் பட்டியலில் இல்லை என்றார். பிறகு, உதவி செய்வது போலவே, "மரணச் சான்றிதழ் ஒன்றை எடுத்தால் வேலை சுகமாக முடியுமே, ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை. பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி உறைக்குள் வைத்தார். பஸ்ஸில் வரும்போது மாங்குளம் தாண்டித்தான் வாய் திறந்தார். "தம்பி, எனக்குக் கார்க் காசு வேண்டாம். அவர் செத்திட்டார் எண்டு மட்டும் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

மதிப்புக்குரியவர்களே, அந்தக் கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அவர் கேட்டது என்ன என்பது உங்களுக்கு விளங்கவேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி விட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அதை வாங்க மறுத்தார்கள். அதனால்தான் 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டு, காணாமல் போனமைக்குத் தனியாகச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஆளைச் செத்தவர் என்று எழுதாமலே குடும்பம் அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. பத்து வருடத்துக்குப் பிறகும் அது உங்கள் கவுண்டரின் பட்டியலில் ஏறவில்லை என்றால், பிழை அக்காவின் உறைக்குள் இல்லை. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி பந்தல் போட்டுக் குந்திய தாய்மாரும் மனைவிமாரும் காணாமல் போன தங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டுத்தான் குந்தினார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். அவர்களில் ஒருவரிடம், ஒரு பழைய காரின் பெயர் மாற்றத்துக்காக, கணவர் செத்துவிட்டார் என்று எழுதித் தா என்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்களிடமிருந்து வந்த ஒரேயொரு பதில் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அதை வாசிப்பிக்க ஆள் தேடி அலைந்தோம். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. வடமாகாணத்தின் நிர்வாக மொழியே தமிழ். நாங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் தரவேண்டும் என்பது சலுகை அல்ல, சட்டம். எங்கள் காரின் இலக்கத்தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் அந்தச் சிங்கள எழுத்தைத் திணித்தபோது எங்கள் பெரியவர்கள் அதன்மேல் தார் பூசிச் சிறைக்குப் போனார்கள். இன்று அந்த எழுத்தோடு கூடிய இலக்கமும் இந்தக் கார் எங்களுடையது என்று சொல்ல மிச்சமிருக்கும் அடையாளம். அதையாவது உங்கள் ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்கிறோம்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். களவெடுத்த வாகனங்களும் பொய்ப் புத்தகங்களும் நாட்டில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஒரு காரின் புத்தகத்தை இன்னொரு காருக்குப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் கவனமாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனம் என்றால் விசாரிப்பது. நீங்கள் விசாரிக்காமலே திருப்பி அனுப்புகிறீர்கள். பரிசோதகர் வந்து சேசிஸைப் பார்க்கட்டும். பொலிஸ் தங்கள் களவு வாகனப் பட்டியலோடு ஒப்பிடட்டும். தமிழ், சிங்களப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, ஆட்சேபிக்க ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள். விளம்பரச் செலவை நான் கட்டுகிறேன். ஒருவரும் வராவிட்டால் புத்தகத்தின் பிரதியைத் தாருங்கள்.

இப்படிச் செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். போருக்குப் பிறகு நடமாடும் சேவைகளை வைத்து இதே ஊர்களில் பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் கொடுத்தார்கள். காணி உத்தரவுப் பத்திரம் தொலைத்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைப் பார்த்து வழி செய்தார்கள். 1983 மே முதல் 2009 மே வரை தங்கள் காணிக்குப் போகமுடியாதவர்களின் உரிமை, வேறொருவர் ஆண்டார் என்பதற்காகப் போய்விடக்கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காணிக்கு விளங்கிய நியாயம் காருக்கும் உழவு இயந்திரத்துக்கும் விளங்காதா? எங்கள் ஊர்களில் பழைய மசி பேர்குசன் 35 உழவு இயந்திரங்கள் இதே காரணத்தால் வளவுக்குள் நிற்கின்றன. வயலுக்குள் உழலாம், றோட்டில் ஏறினால் மறிப்பார்கள். பதிவில்லாமல் காப்புறுதி இல்லை, காப்புறுதி இல்லாமல் வருடாந்த வரிப் பத்திரம் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களுக்கு எப்படி விலை ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலையெல்லாம் புத்தகம் உள்ள காருக்கு. புத்தகம் இல்லாவிட்டால் இரும்புக்காரர் தராசோடு வருவார். போரில் தப்பிய கார்களும் உழவு இயந்திரங்களும் கடைசியில் கிலோக் கணக்கில் போகின்றன. நான் இந்தக் காரை விற்பதற்காக வாங்கவில்லை. பிளெற்போமில், அதாவது காரின் அடித்தட்டில், துரு பிடித்த இடங்களை வெட்டி ஒட்டியாயிற்று, பிறேக் வேலை முடிந்தது. ஒட்டுசுட்டானில் இருந்து ஏ9 வீதிக்கு ஏறி ஓட இதற்கு வேண்டியது உங்கள் பத்திரம் ஒன்றுதான். அதைவிட முக்கியமாக, அக்காவுக்கு நான் கொடுக்கவேண்டிய காசை அவர் மனம் நோகாமல் வாங்கவேண்டும்.

எழுத்தில் எங்காவது கடுமை ஏறியிருந்தால், அது உங்களில் எவர் மீதும் உள்ள கோபம் அல்ல, காத்திருந்து வந்த களைப்பு. ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். எங்கள் சேசிஸ் இலக்கத்தை உங்கள் பேரேட்டில் பார்த்து, அதில் உள்ளதை எங்களுக்குத் தமிழில் எழுதித் தாருங்கள். காணாமல் போனவர்களின் வாகனங்களுக்கு, காணாமல் போனமைக்கான சான்றிதழோடு வரும் மனைவியின் அல்லது பிள்ளையின் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளும்படி எல்லாக் கவுண்டர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். மரணச் சான்றிதழ் கேட்பதை நிறுத்துங்கள். முடியுமானால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு நாள் நடமாடும் சேவை வையுங்கள். திகதியைச் சொன்னால் நாங்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வளவுக்கே வாகனங்களைக் கொண்டுவருகிறோம். ஓட முடியாதவற்றைக் கட்டி இழுத்து வருவோம், அன்றைக்கு மட்டும் றோட்டில் மறிக்க வேண்டாம் என்று பொலிசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

ஒட்டுசுட்டானில் இருந்து
ஒரு மொறிஸ் மைனர்க்காரன்