ஞாயிறு கூட்டம்: பேச்சு வராத பிள்ளைகளுடன் உரையாட

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடியோ கூட்டம். படப்பலகை (படத்தைத் தொட்டுக் காட்டி, வேண்டியதைச் சொல்ல உதவும் பலகை), கண் அசைவில் இயங்கும் கருவி பற்றிப் பேசுவோம். படப்பலகை பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

1. பிள்ளை ‘வேண்டாம்’ என்பதை எப்படிக் காட்டுகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். கண்ணைத் திருப்புவது, விரல் இறுகுவது எல்லாமே கணக்குதான்.

2. கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லாதீர்கள். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். (சொல்வது சுலபம், தெரியும்!)

3. பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறைக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். 1990களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். வந்த சொற்கள் கையைப் பிடித்தவருடையவை.

4. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். வர முடியாதவர்கள் கேள்வியை மட்டுமாவது அனுப்புங்கள்.