வலிக்காத பல்லைப் பற்றி

கும்பகோணம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதத்தை நேற்று மதியம் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் படித்தேன். சின்னவளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்பது பெரிய நிம்மதி. வாராவாரம் தருமபுரிக்கு ஓடி வந்துவிடலாம், துவைக்க வேண்டிய துணியோடு. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் கைத்தடியைத் தொடவே மாட்டேன் என்கிறாள். தடி பிடித்தால் கிழவியாகிவிடுவாளாம், வயது எண்பதைத் தாண்டியாயிற்று.

சரி, உன் பல் விஷயத்துக்கு வருகிறேன். “சுத்தம் பண்ணத்தான் போனேன். வலியே இல்லாத இரண்டு பல்லை அடைக்கணும்கிறார், காசு பிடுங்கத்தானே?” என்று கேட்டிருக்கிறாய். என் தொழில்காரர்கள் எல்லாருக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் வலி இல்லை என்பதையே நீ காரணமாகச் சொல்கிறாயே, அங்கேதான் உன்னோடு சண்டை. அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல் பெரும்பாலும் வலிக்காது. ராத்திரி தூங்கவிடாமல் வலித்த பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, அநேகமாக ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது, அல்லது பல்லையே எடுப்பது என்ற இரண்டு வழிதான் மிச்சம் இருக்கும்.

பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு நரம்பே கிடையாது. அதில் ஓட்டை விழுந்தாலும் உனக்குத் தெரியாது. அதைத் தாண்டி உள்ளே டென்டின் என்ற அடுக்குக்குச் சொத்தை போய்விட்டால், அது மென்மையானதால் பக்கவாட்டில் வேகமாகப் பரவும். கரையான் பிடித்த நிலைக்கதவு மாதிரி மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரல் வைத்தால் உள்ளே போகும். குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளி என்று டிரில்லை வைத்தால், உள்ளே ஒரு மிளகு உட்காரும் அளவு குழி இருப்பதை வாரத்தில் பலமுறை பார்க்கிறேன். இரண்டு பல்லுக்கு நடுவே வரும் சொத்தை இன்னும் மோசம். கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் நிழலாகத் தெரியும்.

அதனால் டாக்டரிடம் நீ கேட்க வேண்டியது, “எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், எக்ஸ்ரேயில் காட்டுங்கள்” என்பதுதான். நேர்மையானவர் சந்தோஷமாகக் காட்டுவார். இன்னொன்றும் கேள். எனாமலோடு நிற்கும் ஆரம்பச் சொத்தையை, அதாவது குழி விழாத வெள்ளைத் திட்டை, அடைக்க வேண்டிய அவசியமில்லை. ஃப்ளோரைடு பூசி, தின்னும் பழக்கத்தைத் திருத்தி, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். கடைவாய்ப்பல் பள்ளத்தில் இருக்கும் கறுப்புக் கோடெல்லாம் சொத்தை அல்ல, காபிக் கறையாகக்கூட இருக்கலாம். உன் இரண்டு பல்லில் ஒன்று இந்த வகையாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நீ பயப்படுவது ஊசிக்குத்தானே? பத்தாம் வகுப்பில் தடுப்பூசி போட வந்தபோது நீ கழிவறையில் ஒளிந்துகொண்டது எனக்கு மறக்கவில்லை. மேல் பல் என்றால் அந்தப் பல்லின் ஓரமாகவே ஈறில் போடுவோம். கீழ்க்கடைவாய்ப்பல் என்றால் தாடையின் கோடியில், நரம்பு உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும். அதனால்தான் பாதி உதடும் நாக்கும் சேர்ந்து மரத்துப்போகும். மருந்து லிக்னோகெயின். அது சட்டென்று கரைந்து போகாமல் அங்கேயே நிற்க, ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அதனால் ஒன்றிரண்டு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பயப்படாதே. நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. அன்றைக்கு மாத்திரையை நிறுத்தாதே, வெறும் வயிற்றோடும் போகாதே. பல் ஆஸ்பத்திரிக்குப் பட்டினியாக வந்து நாற்காலியில் மயங்கி விழுகிறவர்கள் ஏராளம்.

மரத்துப்போனாலும் அழுத்துவது தெரியும், தண்ணீர் தெறிப்பது தெரியும், அந்தக் கிறீச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். வலி மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்கு, நிறுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க முடியாத ஒரே இடம் அதுதான், வாய் திறந்தல்லவா இருக்கும்!

இப்போது பெரும்பாலும் வைப்பது பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு, நீல நிறத்தில் ஒரு ஜெல் தடவுவார்கள். அது பாஸ்பாரிக் அமிலம். கால் நிமிடம் வைத்துக் கழுவினால் பல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், பசை போய்ப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒவ்வொரு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல வெளிச்சம் காட்டி இறுக்க வேண்டும். இவ்வளவு நேரமும் ஒரு சொட்டு எச்சில் பட்டால்கூடப் பசை பிடிக்காது, பிற்காலத்தில் அந்த ஓரத்தில்தான் மறுபடி சொத்தை வரும். அதனால் வாய் நிறைய பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வைத்தால் கோபப்படாதே. பத்து நிமிடத்தில் ஒரு பெரிய அடைப்பை முடித்து அனுப்புகிறவரை நான் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பேன்.

கடைசியில் ஒரு கலர் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அடைப்பு எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே கலர் ஒட்டும், அதைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். மரத்த வாயில் உனக்குச் சரியாகக் கடிக்கத் தெரியாது. மறுநாள் இட்லி சாப்பிடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது என்று தோன்றினால் பேசாமல் திரும்பப் போ. ஐந்து நிமிட வேலை. “பழகிவிடும்” என்று விட்டவர்கள், மாதக்கணக்கில் வலியோடு இருந்துவிட்டு வந்து என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

உன் வெள்ளி நிற அடைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அமால்கம், அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். உலகம் முழுக்க அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்தே சில விலக்குகளோடு அதைத் தடைசெய்துவிட்டது. அதற்காக நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பெயர்த்து எடுக்காதே. பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஓரம் உடைந்தாலோ அடியில் சொத்தை வந்தாலோ அப்போது மாற்றிக்கொள்ளலாம். எந்த அடைப்பும் ஆயுசுக்கு வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடைத்து முடித்ததும் இரண்டு மூன்று மணி நேரம் மரப்பு இருக்கும். அதுவரை சூடான காபியும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம். உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வருவது பிள்ளைகள் மட்டுமில்லை. பிறகு ஒன்றிரண்டு வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசலாம், அது தானாகவே அடங்கும். ஆனால் சூடு பட்ட பிறகு வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, சும்மா இருக்கும்போதே விண்விண் என்று தெறித்தாலோ, உடனே போ. உள்ளே இருக்கும் நரம்புக்கு அடி விழுந்திருக்கிறது. ஆழமான சொத்தையில் இது சிலருக்கு வரத்தான் செய்யும். அது எப்போதும் டாக்டரின் தவறாக இருக்காது. அடைத்த இடத்தின் இடுக்கில் ஒவ்வொரு வேளையும் சாப்பாடு மாட்டிக்கொண்டால் அதையும் சொல். கிராம்பு வாசனையோடு ஒரு தற்காலிக சிமெண்ட் வைத்து அனுப்பினால், வலி போய்விட்டதே என்று அப்படியே இருந்துவிடாதே, அது சில வாரம்தான் தாங்கும்.

உன் வகுப்புப் பிள்ளைகளின் மஞ்சள், பழுப்புப் பல்லைப் பற்றி எழுதியிருந்தாய். பேஸ்ட் சரியில்லை என்று அவர்களைத் திட்டாதே, பாவம். உங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் மேல்வரம்பு என்கிறது. அதைவிட அதிகமுள்ள தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்தால் எனாமலிலேயே கறை படிந்துவிடும், தேய்த்தால் போகாது. அது சொத்தை அல்ல. அதே ஃப்ளோரைடு அளவாக இருந்தால் பல்லைக் காக்கும், மிஞ்சினால் கெடுக்கும். இப்படிப்பட்ட பல்லை அடைப்பதும் எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், அந்த அமில ஜெல் அதில் சுலபமாகப் பிடிக்காது.

உனக்கு ஒரே ஒரு திட்டு பாக்கி. ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு பீரியட் இடைவெளியிலும் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் என்று எழுதுகிறாய். ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஏறி, எச்சில் அதைச் சமன்செய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உனக்கு அடுத்த பீரியட் முடிந்துவிடுகிறது. இனிப்பை ஒரே தடவையில் சாப்பாட்டோடு தின்றுவிடு, மைசூர்பாகாக இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து அனுப்பு. படத்தை வைத்து முழுசாக முடிவு சொல்ல முடியாது, ஆனால் எந்தப் பல்லுக்கு அவசரம் என்றாவது சொல்லலாம். ஆவணியில் இங்கே கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் தேதியை முன்னாலேயே சொல், அன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் எதுவும் வைக்காமல் இருக்கிறேன். உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா, அவர் பல்லையும் பார்க்க வேண்டும், புகையிலையை விட்டுவிட்டாரா இல்லையா?

அன்புடன்,
உன் தோழி